மண்ணெண்ணெய் வாங்கும் பேய்

அத்தியாயம் 6

மதியச் சாப்பாட்டு நேரம். தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டு வந்தன. மேற்குக் கோடியில் ஒன்று, எதிர் வரிசையில் இரண்டு, பிள்ளையார் கோயிலை ஒட்டி ஒன்று. சின்ன காஞ்சிபுரத்து நெசவுத் தெரு அது. விடிந்ததிலிருந்து காதைத் துளைத்த சத்தம் அடங்கியதும் தாவீதுக்கு உயிர் வந்தது. அப்பாடா என்று வேர்க்கடலையை உடைத்து வாயில் போடப் போனான்.

டக்... டடக். டக்... டடக்.

ஒரே ஒரு தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கடலை வாய்க்குப் போகவில்லை. சத்தம் எதிரே இருந்த வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அந்த வீட்டு வாசலில் பெரிய பூட்டு தொங்கியது. ஜன்னல்கள் எல்லாம் உள்பக்கம் தாழிட்டுக் கிடந்தன. நிலைப்படியில் யாரோ கட்டிவிட்டுப் போன வேப்பிலை சருகாகியிருந்தது. அங்கே குடியிருந்த அர்ஜுனன் செத்துப்போய் மூன்று மாதம் ஆகிறது.

பத்துப் பன்னிரண்டு தடவை கேட்டிருக்கும். பிறகு அதுவும் நின்றுவிட்டது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. நல்ல உச்சி வெயிலில் தாவீதுக்கு முதுகு சில்லிட்டது.

"கேட்டுதா சார்?"

"கேட்டுது."

"இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். மனசுக்குத் தெம்பா இருந்திருக்கும்."

துப்பறியும் இளங்கோவன் தெருவைக் கடந்து அந்த வீட்டின் சந்துப் பக்கம் போனார். சென்னையில் அவருக்கு ஒரு மாடி அறையில் ஆபீஸ், ஒரு மேஜை, ஒரு ஸ்கூட்டர், ஒரு தாவீது. பெட்ரோல் விலை ஏறிய நாளிலிருந்து ஸ்கூட்டர் பட்டினி. தாவீதின் சம்பளமும் ஏறக்குறைய அதே கதிதான். இருவரும் காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார்கள்.

அவர்களை வரவழைத்தவள் அர்ஜுனன் மனைவி ரேணுகாம்பாள். கதை சுருக்கமானது, வயிற்றெரிச்சலானது. போன ஐப்பசியில் அரபு நாட்டுக்காரர்கள் எண்ணெயைக் குறைத்தார்கள். ஒரே மாதத்தில் பெட்ரோல் விலை எகிறியது, மண்ணெண்ணெய் கண்ணில் படாமல் போனது. அந்தச் சமயம் பார்த்துச் சென்னையிலிருந்து டை கட்டிய ஏஜெண்டு ஒருவன் வந்து இறங்கினான். கீழ்க்கடல் எண்ணெய்க் கம்பெனியாம். கடலுக்கடியில் கிணறு தோண்டப் போகிறார்களாம். பங்கு ஒன்று நூறு ரூபாய்; எண்ணெய் வந்ததும் வருஷத்துக்கு நூற்றுக்கு நாற்பது. அர்ஜுனன் தானும் போட்டான், தெருவில் பதினொரு வீட்டையும் போட வைத்தான். கார்த்திகையில் கம்பெனி வாசலில் பூட்டு. அடுத்த வாரம் கூரம் ஏரிக்கரையில் அர்ஜுனனுடைய சட்டையும் செருப்பும் கிடந்தன. மழைக்காலம், ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. ஆள் கிடைக்கவில்லை.

மார்கழியில் தறிச் சத்தம் ஆரம்பித்தது. ஆவி அடங்கவில்லை, உடம்பு இல்லாவிட்டால் என்ன, புல்லில் ஓர் உருவம் செய்து கொளுத்திக் காரியத்தை முடித்துவிடுவோம் என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு நாள் குறித்தாயிற்று. ரேணுகாம்பாள் கம்மலைக் கழற்றி விற்று, சென்னைக்குக் கடிதம் போட்டாள். காலையில் அவள் இளங்கோவனிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "நாளைக்கு என் தாலிய எடுக்கப் போறாங்க சார். எடுக்கலாமா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க."

"தாவீது, இங்க வா."

சந்தில் இளங்கோவன் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் ஓர் ஓடு லேசாக விலகியிருந்தது. அதன் விளிம்பில் கரி.

"என்ன வாசனை?"

தாவீது மூக்கை உறிஞ்சினான். "மண்ணெண்ண."

"பேய்க்கு விளக்கு எதுக்குப்பா?"

"இருட்டுல பயமா இருக்கும் சார். தனியா இருக்குது பாவம்."

"ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு. உள்ள பகல்லயும் இருட்டு. காலையிலேர்ந்து விளக்கு எரிஞ்சாத்தான் இழை கண்ணுக்குத் தெரியும். ஊரே அரை பாட்டிலுக்கு அடிச்சிக்குது. இவ்வளவு எண்ணெய் எங்கேர்ந்து வருது? அதைப் பிடிச்சா போதும்."

மண்ணெண்ணெய்க் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. வரிசையில் ஆட்கள் இல்லை. பாட்டில்களும் டின்களும் செங்கற்களும் நின்றன. சொந்தக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து உலக விவகாரம் அலசிக்கொண்டிருந்தார்கள். எவனோ பாலைவனத்தில் குழாயைத் திருகினால் நம்ம வீட்டு அடுப்பு ஏன் அணைகிறது என்று ஒருவர் நியாயம் கேட்டார். பம்பாய்க் கடலில் எண்ணெய் கிடைத்துவிட்டது, இனி கவலையில்லை என்றார் இன்னொருவர். தாவீது நடுவில் புகுந்துகொண்டான். பேச்சு என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம்.

"நானும் ஒரு பங்கு வாங்கலாம்னு அம்பது ரூபா சேத்து வெச்சிருந்தேம்பா. இதே மாதிரி வேற ஒரு கம்பெனி. எங்க வீட்ல மேரி அத எடுத்து ஆடு வாங்கிட்டா."

"கம்பெனி என்னாச்சு?"

"ஓடிப்போச்சு. ஆடு ரெண்டு குட்டி போட்டுது." தாவீது பெருமூச்சு விட்டான். "வெல ஏறுற சரக்கு மேல காசு போடணும்னு நமக்கும் தெரியுது. எல்லாரும் ஏறி முடிச்ச பின்னாடி போயி ஏணிய தேடுறோம். அதான் நம்ம கோளாறு."

கடைக்காரி வடிவாம்பாள் கையில் அளவுச் செம்புடன் நின்றாள். ஒரு சொட்டு சிந்தினாலும் ஊர் முழுக்கக் கேட்கும்படி திட்டுகிறவள். இளங்கோவன் கேட்டதற்கு யோசிக்கவே இல்லை.

"அதிகமா யாரு வாங்குறாங்களா? புடவத் தரகர் குப்புசாமிதான். வாரம் நாலு பாட்டிலு. பிளாக்குல கூட வாங்குறாருன்னு கேள்வி. அவரு வீட்ல கரண்டு இருக்குது, வெறகு அடுப்பு எரியுது. என்னாத்துக்குன்னு கேட்டா ஸ்டவ்வுக்குங்கறாரு. அந்த ஸ்டவ்வ இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல."

"அவருக்கும் அர்ஜுனனுக்கும் பழக்கமா?"

"சிநேகம்தான். அர்ஜுனன் வீட்டுப் பேர்ல அவரு கடன் குடுத்திருக்காரு. சாவி அவருகிட்டதான் இருக்குது."

தாவீது இளங்கோவனின் காதருகே குனிந்தான். "கேசு முடிஞ்சிது சார். தறிக்குக் கீழ கால் தொங்கப் போட ஒரு குழி இருக்குமில்ல, அதுல டின்னு டின்னா மண்ணெண்ணய பதுக்கி வெச்சிருக்கான். வெல இன்னும் ஏறட்டும்னு காத்துக்கினு இருக்கான். எவனும் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு இவனே தறிய ஆட்டி பேயக் கெளப்பி விட்டுட்டான்."

"நல்லாத்தான் இருக்கு," என்றார் இளங்கோவன்.

அவர் 'நல்லாத்தான் இருக்கு' என்று சொன்னால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். தாவீதுக்கு அது தெரியும். ஆனாலும் இந்தத் தடவை தன் பக்கம்தான் ஜெயிக்கும் என்று நினைத்தான்.

குப்புசாமி கடையில் மெத்தை மேல் உட்கார்ந்து ஒரு புடவையை மடித்துக்கொண்டிருந்தார். மாம்பழ நிறம், அரக்குக் கரை, சரிகை பளபளத்தது. இவர்களைக் கண்டதும் மடிப்பு கோணிக்கொண்டது.

"சாவியா? அத தொலச்சிட்டேன் சார். பேய் வூட்டு சாவி இருந்தா என்ன, போனா என்ன?"

"மண்ணெண்ணெய் வாரம் நாலு பாட்டில் வாங்கறீங்களாமே?"

"ஸ்டவ்வுக்கு."

"ஸ்டவ்வ கொஞ்சம் காட்டுங்களேன். ஒரு காபி குடிச்சி ரொம்ப நேரம் ஆவுது," என்றான் தாவீது.

குப்புசாமிக்கு வேர்த்தது. ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார். எந்தக் கடைக்கு என்றால் வாலாஜாபாத் என்றார். பத்து மைல் தூரம் ஸ்டவ்வை யார் சுமந்து போனார்கள் என்று தாவீது கேட்க வாயெடுத்தான். இளங்கோவன் அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் பார்வை கடைசி வரை அந்த மாம்பழ நிறப் புடவை மேலேயே இருந்தது.

ரேணுகாம்பாள் இப்போது இருப்பது அவளுடைய அண்ணன் முருகேசன் வீட்டில், அதே தெருவில் நாலு வீடு தள்ளி. நாளைய காரியத்துக்கான சாமான்கள் கூடத்தில் வந்து இறங்கியிருந்தன. புது வெள்ளைப் புடவை ஒன்று மடித்தபடி முறத்தில் கிடந்தது. அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

"அந்தச் சத்தம் உங்க வீட்டுக்காரர் நெய்யற மாதிரியே இருக்குன்னு சொன்னீங்க."

"மாதிரி இல்ல சார். அவருதான். கை ஓட்டம் ஆளுக்கு ஆள் வேற. அவரு ரெண்டு வாட்டி இழுத்து அடிப்பாரு. பதினஞ்சி வருஷமா அந்தச் சத்தத்துலதான சமைச்சேன், தூங்கினேன். எனக்குத் தெரியாதா?"

தாவீதின் பதுக்கல் கதைக்கு அங்கேயே பாதி உயிர் போயிற்று. தரகர் குப்புசாமி வந்து உட்கார்ந்து செத்தவன் கை ஓட்டத்தை எங்கே கற்றுக்கொண்டிருக்க முடியும்?

"தெனம் கேக்குதாம்மா?" என்றார் இளங்கோவன்.

"தெனம். தெருவுல எல்லாரும் தறிய நிறுத்தற நேரத்துல. நான் கொல்லைப் பக்கமா போயி, மதில் மேல சோறு வெச்சிட்டு, அந்தக் கதவாண்ட உக்காந்துக்குவேன். அழுவேன். என்னா பண்றது?" அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "தை அமாவாசைக்கு செத்தவங்கல்லாம் வாசலுக்கு வருவாங்கன்னு, அவருக்குப் புடிச்ச வாழக்கா கறி, வடை எல்லாம் செஞ்சி எடுத்துக்கினு போனேன். அன்னிக்குனு பாத்து ஒரு சத்தம் இல்ல சார். சாயந்திரம் வரைக்கும் உக்காந்துகினு இருந்தேன். எம்மேல கோவம்போல."

"மறுநாள்?"

"மறுநாள் கேட்டுது. மாசி அமாவாசைக்கும் அதே மாதிரி. அன்னிக்கு வரவே இல்ல."

இளங்கோவன் திரும்பி முருகேசனைப் பார்த்தார். "இதை யாரும் எங்கிட்ட சொல்லலையே?"

"இதுல சொல்றதுக்கு என்னா சார் இருக்குது?" முருகேசனுக்கு அவர் வியப்பே வியப்பாக இருந்தது. "அமாவாசைக்கு எந்தத் தறி ஓடும்? எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அன்னிக்கு நெசவுக்காரனுக்கு லீவு. தெருவே கப்சிப்புன்னு கெடக்கும்."

தாவீதுக்கு மயிர் கூச்செறிந்தது. இந்தத் தெருக்காரர்கள் யாருக்கும் இது உறைக்கவில்லை. அமாவாசையன்று தறி ஓடாதது அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாத மாதிரி. ஆனால் ஊர் உலகத்தில் எந்தப் பேய் அமாவாசையைப் பார்த்து ஓய்வெடுக்கும்? அதற்குத் திருவிழாவே அன்றைக்குத்தானே!

"தாவீது, மதியம் நாம என்ன கேட்டோம்? தறி எல்லாம் நின்ன பிறகு பத்துப் பன்னிரண்டு அடி. அப்புறம் டக்குனு நின்னுபோச்சு. பேய் மத்தியானத்துல மட்டும் வரலைப்பா. காலையிலேர்ந்து நெய்யுது. இத்தனை தறிச் சத்தத்துல அது கலந்துபோகுது. மத்ததெல்லாம் நிக்கறப்போ கொஞ்சம் தாமதமா அதுவும் நிறுத்துது. அந்தத் தாமதம்தான் நம்ம காதுல விழுது. ஊர்ச் சத்தத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கணும்னா... அமாவாசைக்கு ஒளியறதுக்குச் சத்தம் ஏது?"

ரேணுகாம்பாள் எழுந்து நின்றுவிட்டாள். அவளுக்குப் புரிந்ததா, புரியாமல் எழுந்தாளா என்று தாவீதால் சொல்ல முடியவில்லை.

"முருகேசன், இன்னும் அரை மணி நேரத்துல தெருவுல எல்லாத் தறியும் ஒரே நொடியில நிக்கணும். சத்தம் போட்டுச் சொல்லக் கூடாது. வீட்டுக்கு ஒரு ஆள் வாசல்ல நிக்கட்டும். நான் துண்டை எடுத்து உதறுவேன்."

நாலரை மணி. சாயங்கால வெயில் தெருவில் சாய்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் தறிகள் மும்முரமாக ஓடின. வீட்டுக்கு ஒருவராக வாசலில் வந்து நின்றார்கள். பெண்கள் குழந்தைகளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார்கள். பூட்டிய வீட்டுக்கு எதிரே நின்று இளங்கோவன் துண்டை உதறினார்.

தெரு ஊமையாகிவிட்டது.

டக்... டடக். டக்... டடக். டக்...

மூன்றாவது அடி பாதியில் நின்றது. பழகிய கை சட்டென்று பதறி நிறுத்திய மாதிரி இருந்தது. உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. தெருக்கோடியில் ஒரு கிழவி ஓவென்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள். தாவீது தன்னையறியாமல் கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டான். உயிருள்ள ஆள் என்று புத்திக்குத் தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை.

ரேணுகாம்பாள் நேரே கொல்லைப் பக்கம் நடந்தாள். இளங்கோவனும் தாவீதும் முருகேசனும் பின்னால் போனார்கள். அவள் கதவைத் தட்டவில்லை. நெற்றியை அதன் மேல் வைத்துக்கொண்டு, "நான்தான். தொற," என்றாள்.

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. கதவு தானாகத் திறந்த மாதிரி இருந்தது. திறந்தவன் அதற்குள் இருட்டுக்குள் பின்வாங்கிவிட்டான்.

உள்ளே மண்ணெண்ணெய்ப் புகை கண்ணைக் கரித்தது. ஒரு சிம்னி விளக்கு. தறியில் மாம்பழ நிறத்தில் பாதிப் புடவை. குப்புசாமி மடித்துக்கொண்டிருந்ததற்கு அச்சாக ஜோடி. தறிக்குப் பின்னால், குழிக்குள் காலை விட்டுக்கொண்டு, எலும்பும் தோலுமாக, தாடியும் மீசையுமாக ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

முருகேசன் நாலடி பின்னால் தாவினான். ரேணுகாம்பாள் அசையவில்லை.

"காலக் காட்டு," என்றாள்.

அந்த உருவம் குழியிலிருந்து ஒவ்வொரு காலாக எடுத்துத் தரையில் வைத்தது. வெயில் படாமல் வெளுத்துப் போன மனிதக் கால்கள். அவள் குனிந்து, இரண்டு பாதங்களையும் கையால் அழுத்திப் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"ரேணு, கத்தாத," என்றான் அர்ஜுனன். மூன்று மாதம் வாய்விட்டுப் பேசாத குரல், கரகரத்தது. "பதினோரு வீடு. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வெளிய வருவேன்? குப்புசாமிதான் வழி சொன்னான். செத்தவன யாரும் கேக்க மாட்டாங்கன்னான். பட்டு, சரிக எல்லாம் அவனே குடுக்கறான். கூலிய சேத்து வெச்சிருக்கான். அத எடுத்துக்கினு பம்பாய் போயிடுவேன்."

"எவ்ளோ சேத்து வெச்சிருக்கான்?" என்றான் தாவீது.

அர்ஜுனன் விழித்தான்.

"செத்தவனுக்கு எவன்யா கூலி குடுப்பான்? சோறு கூட அவன் போடல போலருக்குதே!"

அர்ஜுனன் அதைக் காதில் வாங்கவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். "நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்க ரேணு. காரியம் முடிஞ்சிட்டா ஊரு அடங்கிடும். ரெண்டு வருசம் போனா உன்னயும் கூட்டிக்கிறேன். கயிறுதான? அங்க வந்து வேற கட்டிடறேன்."

அவள் அழுகை நின்றது. கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"தெனம் அந்தக் கதவாண்ட உக்காந்து அழுதனே. உள்ள கேட்டுதா?"

அவன் தலை குனிந்தான்.

"சொல்லு. கேட்டுதா?"

"கேட்டுது."

"நான் வெச்ச சோத்த தின்ன?"

"...பசி."

ரேணுகாம்பாள் எழுந்தாள். இளங்கோவனைத் தாண்டி, தறியைத் தாண்டி, வாசல் பக்கம் போனாள். உள்தாழைத் தள்ளி ஜன்னல் கதவுகளைப் படார் படாரென்று திறந்தாள். வெயில் சரிந்து உள்ளே விழுந்தது. வெளியே தெரு முழுக்க முகங்கள்.

"வாங்க!" என்று கத்தினாள். "எல்லாரும் வாங்க. எண்ணெக் கம்பெனிக்குக் காசு குடுத்தவங்கல்லாம் வாங்க. கணக்கு சொல்ல ஆள் இருக்குது!"

பூட்டை உடைத்துக்கொண்டு ஜனம் உள்ளே வந்தது. சிலர் அர்ஜுனனைத் தொட்டுப் பார்த்தார்கள், சிலர் காறித் துப்பினார்கள், ஒரு பெரியவர் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். காசு கேட்டுத் தான் திட்டியதால்தான் அவன் செத்தான் என்று அவர் இத்தனை நாள் தூங்கவில்லையாம். கூச்சலில் யார் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. முருகேசன் அதையெல்லாம் விலக்கிக்கொண்டு தங்கையிடம் வந்தான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பெருமாள் கண்ணத் தொறந்துட்டாரும்மா. நான் போயி ஐயருக்கும் வெட்டியானுக்கும் வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன். நாளைக்குக் காரியம் இல்ல."

"இருண்ணே," என்றாள் ரேணுகாம்பாள்.

வீடு அமைதியானது. அவள் அர்ஜுனனைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தாள்.

"காரியம் நடக்கட்டும். மூணு மாசமா நான் அழுதனே, அந்த மனுஷன் நல்லவரு. நான் அழுதா தாங்க மாட்டாரு, தறிய அப்படியே போட்டுட்டு ஓடி வருவாரு. அவரு செத்துட்டாருண்ணே." அவள் கையை நீட்டித் தறிப் பக்கம் காட்டினாள். "இது யாருன்னு எனக்குத் தெரியாது. நீங்க விசாரிச்சிக்கோங்க."

சொல்லிவிட்டு வாசல் வழியாகவே தெருவில் இறங்கிப் போனாள். கூட்டம் அவளுக்கு வழி விட்டது.